தறிக்காரர் செய்த வண்டி

— கண்ணு சொருகுது வேலு.

— சொருக விடாதீங்கம்மா. டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்குல்ல? மதுரை போய்ச் சேர்ற வரைக்கும் தூங்கவே விடக்கூடாது. பேச்சுக் குடுங்க.

— என்னத்தப் பேச? லீமா வர்றான்னு சொல்லிப் பாத்தேன். பெத்த மக பேரு, ம்-னு கூட இல்ல. கூடச் சேர்ந்து செபமாலை சொல்லுங்கன்னேன், அதுக்கும் இல்ல.

— இன்னும் செண்பகனூரே தாண்டல, அதுக்குள்ளயா. இருங்க, நான் பேசுறேன். டிராயிங் சார், நான் வேலுச்சாமி. டாக்ஸி ஸ்டாண்டு வேலுச்சாமி. ஒங்க வண்டியத்தான் ஓட்டிக்கிட்டுப் போறேன். சொல்லப்போனா இது வண்டியே இல்ல சார். சக்கரம் மாட்டுன சோப்பு டப்பா.

— ஏம்ப்பா, மண்டையில அடிபட்டு என் மடியில கெடக்காரு மனுசன். இப்பவுமா ஒன் எகத்தாளம்?

— தப்பு.

— கேட்டீங்களாம்மா?

— ஏங்க, என்ன சொன்னீங்க? இன்னொருக்காச் சொல்லுங்க.

— சோப்பு டப்பா இல்ல. தப்பு.

— மாதாவே. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க நோட்டுலயெல்லாம் போட்டுப் போட்டுப் பழகுன வார்த்தை வேலு. அதுதான் மொதல்ல வருது. நீ பேசு. வண்டியத் திட்டு. நல்லாத் திட்டு.

— திட்டுறதுக்கா எனக்குப் பஞ்சம். ஸ்டாண்டுல தெனம் எங்களுக்கு அதானே சோலி. சார், எண்பத்து நாலுல இந்த வண்டிக்குக் குலுக்கல்ல பேரு விழுந்திருச்சுன்னு எங்களுக்கெல்லாம் மிட்டாய் குடுத்தீங்களே, அன்னிக்கே நான் சொல்லல? இது மலை ஏறாது, ஆளு எறங்கித் தள்ளணும்னு?

— ஏறுச்சு.

— ஏதோ தப்பித் தவறி ஏறுச்சு. மறுக்கா ஏறுமா?

— தெனம் ஏறுது. ஒருத்தரும்... தள்ளல. அருளு, இவன் எங்க... இங்க?

— நான்தாங்க கூப்புட்டேன். ஆம்புலன்ஸ் ஏற்கெனவே ஒரு பிரசவக் கேஸோட மதுரைக்குப் போயிருச்சு. எனக்கு ஓட்டத் தெரியுமா? ஸ்டாண்டுக்கு ஓடுனேன், இவன்தான் இருந்தான்.

— என் வண்டிய மச்சான் கல்யாணக் கோஷ்டியோட பழனிக்குக் கொண்டு போயிட்டான் சார். இல்லேன்னா ஒங்கள மெத்தை கணக்கா அதுல படுக்க வச்சுல்ல கொண்டு போயிருப்பேன். இதுல பாருங்க, கால நீட்ட முடியுதா?

— வண்டி... நனையுது.

— நனையட்டும். இந்த நனையிற சமாச்சாரத்துலதான இம்புட்டும் வந்துச்சு. வேலு, காலையிலயிருந்து விடாம சாரல். ஷெட்டுத் தகரம் ஒழுகி வண்டி மேல சொட்டுதாம். தார்ப்பாயக் கட்டுறேன்னு ஏறுனாரு. பாசி வழுக்கும், இந்த வயசுல வேண்டாம்னேன். கேட்டாத்தானே? மல்லாக்க வந்து சிமெண்டுத் தரையில... அந்தச் சத்தம் இன்னும் என் காதுல கெடக்கு.

— எங்க வண்டியெல்லாம் மழையிலதாம்மா குளிக்குது.

— கொஞ்சம் மெல்லப் போப்பா. மேகம் எறங்கிருச்சு, ரோடே தெரியல.

— நான் எங்கம்மா போறேன், அதுவாப் போகுது. கொஞ்சம் காதக் குடுங்க, சாருக்குக் கேட்றக் கூடாது. பிரேக்கு நான் நெனச்ச எடத்துல நிக்குது.

— இத அவருகிட்டச் சொல்லித் தொலைச்சிராத. நிம்மதியாத் தூங்கிருவாரு.

— அதான் ரகசியமாச் சொல்றேன். சார், ஒரு சந்தேகம். ஜப்பான்காரன் ரேடியோ செய்வான், வாட்ச்சு செய்வான். கார் செய்ய அவனுக்கு என்ன தெரியும்?

— தறி.

— என்ன சார்?

— மொதல்ல... தறி. சுசுகி. தறி செய்யிற ஆளு.

— துணி நெய்யிற தறியா? அம்மா, சார் ஒளற ஆரம்பிச்சுட்டாரும்மா.

— ஒளறல வேலு. அது அவரோட கதை. செண்பகனூர் குருமடத்துக்கு வந்திருந்த ஜப்பான் சாமியார் ஒருத்தர் சொன்னது. எங்க வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையக் கேக்காமக் காப்பி கெடைக்காது. நான் அடுப்படியில நின்னுக்கிட்டு, எப்ப முடியும்னு பாலச் சூடு பண்ணிப் பண்ணி வைப்பேன்.

— எங்க ஆத்தாவும் அப்பனும் சின்னாளபட்டியில தறிதாம்மா. அந்தக் குழியில காலத் தொங்கவிட்டு ஒக்கார நமக்கு ஒத்து வரலன்னுதான் நான் லாரி ஏறுனேன். சார், நெசமாவே ஒரு தறிக்காரனா இதச் செஞ்சான்?

— அம்மாவுக்கு. மொதத் தறி... அம்மாவுக்குச் செஞ்சாரு. கஷ்டப்படாம நெய்யட்டும்னு.

— அப்புறம் ஏன் தறிய விட்டான்?

— பருத்தி வெல... விழுந்திருச்சு. தறி வாங்க ஆளில்ல. சைக்கிள்ல மோட்டார் வச்சாங்க. அப்புறந்தான் கார்.

— அப்புறம்?

— ஏங்க, கேக்குறான்ல. அப்புறம்?

— மலை.

— மலைக்கு என்ன? இமயமலையாங்க அது?

— தப்பு. ஹகோனே. எத்தன தடவ... சொல்லியிருக்கேன் அருளு.

— எனக்கு எங்கங்க வாயில நுழையுது. நீங்களே சொல்லுங்க, வேலு கேக்கட்டும்.

— புதுசாச் செஞ்ச வண்டி. இன்னும் விக்கல. மலையத் தாண்டி... டோக்கியோவுக்கு ஓட்டிக்கிட்டுப் போனாங்க. கப்பி ரோடு. அங்க ஒரு பெரிய வியாபாரி. அவரு பாத்து நல்லாருக்குன்னு... சொல்லணும். வழியெல்லாம் நின்னு நின்னு... போய்ச் சேர ராத்திரியாயிருச்சு. அவரு... அவரு...

— அவரு வீட்டுக்குப் போயிட்டாரு. அதானே சார்?

— தப்பு. காத்துக்கிட்டே இருந்தாரு.

— மதுரை டாக்டரும் அப்படித்தாங்க காத்துக்கிட்டிருப்பாரு. போன் பண்ணிச் சொல்லியாச்சு. வேலு, ஏன் நிக்கிற?

— முன்னால பஸ்ஸு நிக்குதும்மா. அதுக்கு முன்னால லாரி. எறங்கிப் பாத்துட்டு வர்றேன். நீங்க பேச்ச விட்றாதீங்க.

— ஏங்க, தூங்காதீங்க. பெருமாள்மலை தாண்டியாச்சு. பஸ்ஸுல எம்புட்டுச் சனம் தலைய நீட்டி நம்ம வண்டியப் பாக்குது தெரியுமா?

— பாக்கும்.

— கண்ணத் தொறந்து நீங்களும் பாருங்க. வேலு, என்னப்பா?

— யூக்கலிப்டஸ் மரம் ஒண்ணு வேரோட சாஞ்சு குறுக்க கெடக்கு. வெட்ட ஆளு வரணும், இருட்டிரும்ங்கிறாங்க.

— இருட்டுனா இவரு தாங்க மாட்டாரு வேலு.

— தெரியும்மா. கொப்புக்கும் பள்ளத்து ஓரக் கட்டைச் சுவருக்கும் நடுவுல ஒரு இடுக்கு இருக்கு. பஸ்ஸு போகாது. என் வண்டியாயிருந்தா இங்கனயே ஒக்காந்து அழ வேண்டியதுதான். இது வேணா... எனக்கு இதோட ஒடம்பு புடிபடல. எவ்வளவு அகலம்னு மனசுல நிக்கல. ஒரு பக்கம் தப்புனா பாதாளம்.

— அவரக் கேளு.

— சார். சார், இங்க பாருங்க. ஒரு இடுக்கு இருக்கு. ஒங்க சோப்பு டப்பா போகுமா, போகாதா?

— மொத கியர்.

— போட்டுட்டேன் சார்.

— கிளச்சப் பயந்து பயந்து... அமுக்காத. சுவர ஒட்டிப் போ. சுவரப் பாரு. பள்ளத்தப் பாக்காத.

— சுவரத்தான் பாக்குறேன் சார்.

— போகும். என் வண்டி... போகும்.

— மரியே, மாதாவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். மரியே, மாதாவே...

— கொப்பு தகரத்துல ஒரசுது சார். ஒங்க பெயிண்டு போச்சு.

— ஏலே... பாத்துலே.

— போயிருச்சும்மா. இந்தப் பக்கம் வந்துட்டோம். பஸ்ஸுல எல்லாரும் கையக் காட்டுறாங்க. இனி நான் செத்தாலும் இத சோப்பு டப்பான்னு சொல்ல மாட்டேன்.

— சொல்லு வேலு. ஒன் காலப் புடிச்சுக் கேக்குறேன், சொல்லிக்கிட்டே வா. நீ நல்லதாப் பேசுனா அவரு கண்ணு மூடிருது.

— சரிம்மா. இந்த ஓட்டை டப்பா, தகர டப்பா, காயலான் கடையில போட வேண்டிய டப்பா... சார்?

— ம்.

— ஜப்பான்காரன் மூங்கில்லயும் காகிதத்துலயும் இதச் செஞ்சானாம். மழையில கரஞ்சிருமாம்.

— ம்.

— தப்புன்னு சொல்லுங்க சார்.

— நான் பாக்குறேன் வேலு. ஏங்க, அந்தச் சுசுகி மொதத் தறிய பொண்டாட்டிக்குத்தான செஞ்சாரு?

— ... தப்பு. அம்மாவுக்கு.

— பாத்தியா, அதுலயும் பொண்டாட்டிக்கு இல்ல.

— அம்மா, காமக்காபட்டி செக்போஸ்ட் வந்திருச்சு. மலை எறங்கியாச்சு. காத்து வெதுவெதுன்னு அடிக்குதுல்ல? இனி சம ரோடு, வெரசாப் போயிரலாம். சார் என்ன செய்றாரு?

— இருக்காரு. பேசிக்கிட்டுத்தான் இருக்கேன்.

— வத்தலக்குண்டு வருதும்மா. ஆஸ்பத்திரியில ஒரு பார்வை பாத்துட்டுப் போவோமா?

— வேண்டாம். மண்டைக்குள்ள ரத்தம் கட்டியிருக்கும், தொறந்து பாக்கணும், அது மதுரையில மட்டுந்தான் முடியும்னு டாக்டர் அடிச்சுச் சொன்னாரு. நிக்காதப்பா.

— சரி. சார், ஒங்க வண்டி ஆட்டோ ரிக்‌ஷாவுக்குத் தம்பியாம். ஸ்டாண்டுல பேசிக்கிறாங்க.

— தப்புங்கிறாரு வேலு.

— சொன்னாரா?

— சொன்னாரு. மெல்லமாச் சொன்னாரு. வண்டிச் சத்தத்துல ஒனக்குக் கேட்டிருக்காது.

— பெட்ரோல் போட்டே ஒங்க பென்சன் போயிரும்ங்கிறாங்க சார்.

— அதுக்கும் தப்புன்னாரு. இப்பத்தான். ஒதட்டுல சிரிப்புக்கூட இருக்கு.

— நல்லதும்மா. பேசிக்கிட்டே வாங்க.

— அந்த மலை பேரு கூடச் சொன்னாரு வேலு. ஹகோனே. நான் கேக்காமயே சொன்னாரு. என்ன, நிறுத்திட்ட?

— கொடைரோடு ரயில் கேட்டும்மா. மூடிட்டான்.

— தொறக்கச் சொல்லு. ஆளு இப்படிக் கெடக்காருன்னு சொல்லு.

— போய்ச் சொல்லிட்டு வந்துட்டேம்மா. கையெடுத்துக் கும்புட்டேன். சிக்னல் குடுத்தாச்சு, இனி ரயிலு போகாமத் தொறக்க முடியாதுங்கிறாரு. பாவம், அவருக்கே கண்ணு கலங்குது.

— எஞ்சின ஏன் நிறுத்துன? கேட்டத் தொறந்த ஒடனே எடுக்க வேண்டாமா?

— நிறுத்தலம்மா. ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.

— ஓடுதா?

— ஓடுது. இந்த வண்டிக்குச் சத்தம் ஏதும்மா? என் வண்டியா இருந்தா நீங்க சொன்னதையெல்லாம் நம்பியிருப்பேன். வத்தலக்குண்டுக்கு முன்னாலயிருந்தே அவரு பேசல. எனக்குத் தெரியும்.

— மூச்சு இருக்கு வேலு. நெஞ்சுல கைய வச்சுக்கிட்டே வர்றேன். பேச்சுத்தான் இல்ல. நீ தெரிஞ்சுக்கிட்டா பேசுறத விட்ருவியோன்னு பயந்தேன்.

— நீங்க அழுதிருவீங்கன்னு நானும் விடாமப் பேசுனேன். இப்பவும் விடக்கூடாதும்மா. வண்டியப் பத்திப் பேசுங்க. அதுக்குத்தான் அவரு வருவாரு.

— வண்டியப் பத்தி இனி எங்கிட்ட ஒண்ணும் இல்ல. தறி முடிஞ்சுது, பருத்தி முடிஞ்சுது, மலையும் முடிஞ்சுது.

— அப்ப வேற எதாச்சும் பேசுங்க.

— வேற என்ன நாங்க பேசியிருக்கோம்?

— அம்மா.

— நெசமாத்தான் கேக்குறேன். யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், ஒண்ணும் வரல. ஏங்க, கேக்குதா? போன சித்திரையில மதுரை சர்வீஸ் கேம்ப்புக்குக் கூட்டிட்டுப் போனீங்களே. டை கட்டுன பையன் ஒருத்தன் வந்து, வண்டி ஒங்களுக்குத் திருப்தியா சார்னு ஒத்த வார்த்தை கேட்டான். அவன விட்டீங்களா நீங்க? அந்த வெயில்ல அவனப் புடிச்சு நிறுத்தி வச்சு, மலை ஏறுனதச் சொன்னீங்க, மழையில ஒரு தடவகூட நிக்காததச் சொன்னீங்க. அவன் கம்பெனிக் கதைய அவனுக்கே சொன்னீங்க. ரொம்பத் திருப்தி தம்பி, ரொம்பத் திருப்தின்னு அவன் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டீங்க.

— பேசுங்கம்மா. பேசிக்கிட்டே இருங்க.

— நான் கொடையப் புடிச்சுக்கிட்டு ஒங்க பின்னால நின்னேன். ஒரு காரு வாங்குன ஆளையே கம்பெனிக்காரன் இப்படித் தேடி வந்து கேக்குறான். மாலைய மாத்திக்கிட்டுக் கோயில்லயிருந்து ஒங்க பின்னால வந்தவ நான், என்னைய ஒரு நாளு கேட்டீங்களா? குத்தமாச் சொல்லல. கை நீட்டுனதில்ல நீங்க. ஒரு நா குடிச்சதில்ல. நல்ல மனுசன்னு ஊரே சொல்லும், நானும் சொல்லுவேன். ஆனா கேட்டதில்ல. சரி, ரிடையர் ஆனபொறகு கேப்பாருன்னு இருந்தேன். அப்ப இந்த வண்டி வந்திருச்சு. அதுகிட்டப் போயிட்டீங்க. இப்ப இதுலயே படுத்துக் கெடக்கீங்க. எனக்குத் தெரியும், நீங்க கேக்கவே மாட்டீங்க. கேக்காமயே போயிருவீங்க.

— அம்மா, ரயிலு வந்திருச்சு. கண்ணத் தொடைங்க.

— வேலு, ஒதடு அசையுது.

— நெசமாவாம்மா? இல்ல, முன்ன மாதிரியா?

— நெசமா. சத்தியமா. இந்த ரயிலுச் சத்தத்துல ஒண்ணும் கேக்க மாட்டேங்குது. போகட்டும். ஏங்க, பொறுங்க, வாய மூடிறாதீங்க, ரயிலு போயிரட்டும்.

— கடைசிப் பெட்டி போயிருச்சும்மா. கேட்டத் தூக்குறான்.

— எடு வண்டிய. மெல்ல எடு. இப்பச் சொல்லுங்க, என்ன சொன்னீங்க?

— தப்பு, அருளு... இந்தா, கேக்குறேன். ஒனக்குத் திருப்தியா?