மேட்டுத்தெருவின் எண்ணெயும் டிலக்சனாவின் வீடும்

நேரத்தோடு வாருங்கள் என்று நமக்கு அறிவித்துவிட்டுத் தாம் மட்டும் ஆறுதலாக எழுந்தருளிய தலைவர் குகநாதன் அவர்களே! அறிவிற் பெரியோர்களே! அன்பைக் குறைவாகவும் எண்ணெயை நிறைவாகவும் ஊற்றி எங்களை வளர்த்த தாய்மார்களே! வால்தம்ஸ்டோ மேட்டுத்தெருவின் மாண்புமிகு அயலவர்களே! வணக்கம்.

சாக்கடைக்கும் ஒரு மேடையா என்று முகம் சுளிக்கிறீர்கள். பூவைப் பேசினோம், புகழைப் பேசினோம், புழங்கிய தண்ணீர் போகும் வழியை என்றாவது பேசினோமா?

விக்டோரியா மகாராணியார் காலத்தில் செங்கல் அடுக்கிக் கட்டிய கால்வாய் நம் காலடியில் ஓடுகிறது. போரைக் கண்டது, கலங்கவில்லை. குண்டைக் கண்டது, குலையவில்லை. நமது வடைச்சட்டியைக் கண்டது, அடைத்துக்கொண்டது! சிரிக்காதீர்கள் அம்மா, முன்வரிசையில்தான் பொரிப்பு அதிகம்.

என்ன சொல்கிறீர்கள்? "சுடுதண்ணியோட ஊத்தினால் போயிடும்" என்கிறீர்களா? போகும் தாயே, போகும்! நாலு வீடு தாண்டும்வரை போகும். பிறகு குளிர்ந்து, கட்டிபட்டு, குழாயிலே குடியேறிவிடும். நாம் ஆண்டுக்கணக்காய் அலைந்து பெற்ற வதிவிட அனுமதியை அது ஒரே இரவில் பெற்றுவிடும்!

தெருவின் கீழ்க்கோடியில் இருப்பவர் டிலக்சனா, கைக்குழந்தைக்காரி. போன கிழமை நாம் பொரித்தோம், அவர் வீட்டுக்குள் கழிவுநீர் பொங்கியது. தொட்டிலடிவரை வந்ததாம். "இன்னொருக்கா வந்தால் பிள்ளையோட அங்காலை சட்டனிலை இருக்கிற அக்கா வீட்டை போயிடுவன்" என்று என்னிடம் அழுதார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஊற்றியது யார் என்று கேட்டால் நாம் ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டைக் காட்டுகிறோம். டிலக்சனா எந்த வீட்டைக் காட்டுவார்? அவருக்குக் கீழே வீடே இல்லையே!

பொறுங்கள். நமக்காக றோல்ஸ் பொரிக்கும் கிருஷ்ணராசா அண்ணை மண்டபத்துக் குசினிக் கதவால் தெரிகிறார். அண்ணை! சட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கை போறியள்?

"சிங்குக்குத்தான், தங்கச்சி. நீர் பேசி முடிக்கிறதுக்குள்ளை கழுவிப்போடுவம் எண்டு..."

கேட்டீர்களா சபையோரே! அண்ணையைப் பார்த்துச் சிரிக்கும் நம்மில் எத்தனை பேரின் கை சுத்தம்? அண்ணை, பின்வரிசையிலை டிலக்சனா பிள்ளையோட எழும்பி நிக்கிறா, பாருங்கோ.

வைத்துவிட்டார்! சட்டியைக் கீழே வைத்துவிட்டார்! தட்டுங்கள் கையை!

எண்ணெய் ஆறட்டும், போத்தலில் அடைப்போம். அதுவரை ஒருவரும் வீட்டுக்குப் போகவேண்டாம். றோல்ஸைத் தின்றபடி எல்லோரும் காவல் இருப்போம். இன்று இந்தச் சட்டி, நாளை நம் வீட்டுச் சட்டி. டிலக்சனா, நீர் சட்டனுக்குப் போகவேண்டாம். இது உம்முடைய தெரு.

பசியோடும் பொறுமையோடும் கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. வணக்கம்!