‘இருக்கிறேன்’ என்ற பொத்தான்

பொத்தான் அழுத்துவதுபோல் அலுப்பான வேலை வேறில்லை, சார். அதனால்தான் என் தொழிலுக்குச் சோறு கிடைக்கிறது. அலுவலகங்களில் ஆட்கள் நாள் முழுக்கக் கணினித் திரையில் எதை அழுத்துகிறார்களோ, அதை ஆளில்லாமல் அழுத்துகிற நிரல் எழுதுவேன். எந்த ஜன்னல் திறந்திருக்கிறது என்று நிரல் தேடும். அதற்குள் பொத்தானின் பெயரைத் தேடும். கண்டதும் அழுத்தும். மவுஸைத் தொடக்கூட வேண்டாம்.

என் மனைவி குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்தாள். இயந்திர அறையை ஒட்டிய சின்ன அறையில் தனியாக உட்கார்ந்து வெப்பநிலையைக் கவனிக்க வேண்டும். அங்கே குழாயில் ஓடும் வாயுவுக்கு வாடை கிடையாது. கசிந்தால் தலைசுற்றல்தான் முதலில் தெரியும். அதனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையில் ஒரு பெட்டி வந்து, ‘இருக்கிறீர்களா?’ என்று கேட்கும். ‘இருக்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்தாவிட்டால் வாசல் கேட்டில் மணி அடிக்கும். காவலாளி ஓடி வருவார்.

“பாத்ரூம் போனாக்கூட இருக்கியா இருக்கியாங்குது. உங்கம்மாகூட என்னை இவ்வளவு தேடினதில்லை,” என்றாள். “ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுக்கறீங்க. பொண்டாட்டிக்கு ஒரு பட்டன் அமுக்கக் கை வலிக்குதா?”

எழுதிக் கொடுத்தேன். நல்ல வேலை, சார். ஒரே சீராக அழுத்தினால் மேலாளர் கண்டுபிடித்துவிடுவார். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடப் போய் உட்கார்ந்து, அவள் அழுத்தும் விதத்தைப் பார்த்து எழுதினேன். காலையில் பெட்டி வந்த வேகத்தில் அழுத்துவாள். சாப்பாட்டு நேரத்தில் தாமதமாகும். கை கழுவி, துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு வந்துதான் அழுத்துவாள். அந்தத் தாமதத்தையும் சேர்த்தேன்.

ஒரு நாள் மதியம் வாயு கசிந்தது. சாயங்காலம் அடுத்த ஆள் வந்து கதவைத் திறக்கும்வரை, அவள் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லியிருந்தாள்.

“கடைசி நிமிஷம் வரைக்கும் சீட்டை விட்டு எழுந்திரிக்கலைம்மா உங்க மருமக,” என்று மேலாளர் என் அம்மாவிடம் சொன்னார். காவலாளி என் கையைப் பிடித்துக்கொண்டார். “மணி அடிச்சிருந்தா ஓடியிருப்பேன் தம்பி. அது அடிக்கவே இல்லையே.” நான் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

அதுவரை நடந்தது தவறு. நிரலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பிறகு அவளுடைய டிபன் பாக்ஸையும் துப்பட்டாவையும் எடுக்கப் போனேன். நிரலையும் அழித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். குழாயை மாற்றியிருந்தார்கள். அவளுடைய நாற்காலியில் புதிதாக ஒரு பெண். மனைவியின் போட்டோக்கள் கணினியில் இருக்கின்றன என்றேன். உடனே எழுந்து இடம் கொடுத்தாள்.

அப்போது சாப்பாட்டு நேரம். பெட்டி வந்தது. பொத்தான் உடனே அழுந்தவில்லை. ஒருவர் துப்பட்டாவில் கை துடைக்கும் நேரம் கழித்து அழுந்தியது. இருக்கிறேன்.

நான் அழிக்கவில்லை. கணினியை எப்போது போட்டாலும் நிரல் தானாக எழுந்துகொள்ளும்படி ஒரு வரி சேர்த்துவிட்டு எழுந்தேன்.

“அண்ணா, இந்தப் பெட்டி தானா வருது, தானா போகுது. ரிப்பேரா?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“அது அப்படித்தாம்மா.”

“மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடட்டுமா?”

“சொன்னா சரி பண்றேன்னு வந்து, இருக்கறதையும் கெடுத்துடுவாங்க.”

சிரித்தாள். “அதுவும் சரிதான். எங்க வீட்டு ஃபேன் அப்படித்தான் போச்சு.”

குழாய் மறுபடி கசியும் என்று எனக்குத் தெரியாது. கசியாது என்றும் தெரியாது. நேற்று கசிந்தது. மணி அடிக்கவில்லை. அந்தப் பெண்ணைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். காவலாளியை விட்டுவிடுங்கள்.

ஆவி, பேய் என்றெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது, சார். படித்தவன். அது நான் எழுதிய நிரல், ஒவ்வொரு வரியும் எனக்குத் தெரியும்.

பக்கத்து அறையில் அந்தக் கணினியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறீர்கள். எப்படி நிறுத்துவது என்று உங்கள் ஆள் கேட்டார். சொல்கிறேன். அதற்கு முன்னால் பெட்டி ஒரே ஒருமுறை கேட்கட்டும். இப்போது சாப்பாட்டு நேரம். பதில் தாமதமானால் அவசரப்பட்டு அணைத்துவிடாதீர்கள். கை கழுவிக்கொண்டிருப்பாள்.