மேகத்தை மட்டும் எடு

"மேகத்த எடு தம்பி, என்ன எடுக்காத."

வெள்ளிமலைக்கு ஏறும் பேருந்து பனிக்குள் மிதந்துகொண்டிருந்தது. எனக்கு முன் இருக்கையிலிருந்த பெண் சொன்னதும், வீடியோ எடுத்துக்கொண்டிருந்த இளைஞன் சிரித்தான்.

"பஸ்ஸு பொது எடம்க்கா. எடுக்கக் கூடாதுன்னு சட்டம் இல்ல. நீ இன்னா நடிகையா?"

"வூட்டுக்காரன் அடி தாங்காம ஓடியாந்துகினு இருக்கேன். எந்தப் பக்கம் போறேன்னு அவனுக்குத் தெரியக் கூடாது."

அவன் சிரிப்பு நின்றது.

"கீழ கச்சிராயபாளையத்துலயே ஒரு வீடியோ நெட்டுல போட்டுட்டேன்க்கா. அதுலயும் நீ இருக்க."

"அழிச்சிடு சாமி."

"இங்க சிக்னல் இல்லியே."

நான் ஏதாவது பேசியிருக்கலாமோ? என் மடியில் மகள் தூங்கினாள்.

"கண்டக்டரண்ணா, நிறுத்துங்க!"

இறங்கிய இளைஞன், கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி வந்த வழியே கீழே ஓடினான். பனியில் அந்தச் சின்ன வெளிச்சம் மட்டும் தெரிந்தது.