ஆயிரம் மணித்தியாலப் பச்சை

விடத்தல்தீவிலிருந்து வரும் பஸ் காலை ஏழு இருபதுக்கு மன்னாருக்கு வந்துவிடும். எங்களிடம் வேலை செய்த அன்ரோனெற் ஒருநாளும் அதைத் தவறவிட்டதில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்களுடையது சிறிய ஆய்வுகூடம். தட்டைத் திரைகளுக்கு ஒளி தரும் ஒரு கலப்புப் பொருளைச் செய்துகொண்டிருந்தோம். ஈய உப்பையும் ஒரு கரிம உப்பையும் கரைப்பானில் கலந்து, முத்திரையளவு கண்ணாடியில் மெல்லிதாகப் பூசவேண்டும். மின் கொடுத்தால் பச்சையாக ஒளிரும். பிறகு மங்கிவிடும். ஆயிரம் மணித்தியாலம் மங்காமல் நின்றால்தான் திரைக்கு உதவும். பதினொரு வருடம் நான் வேறொன்றையும் நினைக்கவில்லை. களைத்துப்போயிருந்தேன்.

கண்ணாடியில் பூசுவது அன்ரோனெற்றின் வேலை. அவர் முன்பு நண்டுச் சதை எடுக்கும் கம்பனியில் இருந்தவர். சதைக்குள் கிடக்கும் ஓட்டுத் துணுக்கை அங்கே தடவித்தான் கண்டுபிடிப்பார்கள். கையுறை போட்டால் விரலுக்குத் தெரியாது. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் கையுறையைக் கழற்றிவிட்டார். நான் கண்டேன். அவர் வெறுங்கையால் பூசிய கண்ணாடிகள்தான் நானூறு மணித்தியாலத்தைத் தாண்டின. அந்தக் கரைப்பான் ஈயத்தைத் தோலுக்குள் கொண்டுபோகும். அது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

மாசியில் அவருக்கு வயிற்று நோ தொடங்கியது.

"சேர், வயித்துக்குள்ள முறுக்கிப் பிடிக்குது."

"தவக்காலமெல்லே. ஒருநேரச் சாப்பாட்டோட ஒருசந்தி இருக்கிறீர், அதுதான்."

"ஆண்டவர் நாற்பது நாள் பட்டினி கிடந்தவர். நான் நாலு நாளிலயே சரிஞ்சிட்டன்," என்று சிரித்தார்.

இரும்புச்சத்துப் பார்க்க என்று சொல்லி இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினேன். ஈயம் அபாய எல்லையை எப்போதோ கடந்திருந்தது. அறிக்கையை மேசை இலாச்சிக்குள் வைத்து மூடினேன். அன்று ஒரு கண்ணாடி எழுநூறில் நின்றது. ஒன்று போதாது, அதேபோல் இன்னும் இருபது வேண்டும். தவக்காலம் முடியட்டும் என்று எனக்கு நானே தவணை சொன்னேன்.

பெரிய வியாழனன்று கதிரையிலேயே அவருக்கு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் வைத்தியர் என்னிடம், இவர் என்ன வேலை செய்கிறவர் என்று கேட்டார். கண்ணாடி துடைக்கிறவர், ஒருசந்தி இருந்தவர் என்றேன். ஈயம் என்று சொல்லியிருந்தால் அதற்கு மருந்து இருந்தது. இரண்டு நாள் உயிரோடு இருந்தார்.

நான் இரக்கமில்லாதவன் அல்ல. அந்தக் குடும்பத்தைக் கைவிடவில்லை. தங்கை அஞ்சலாவுக்கு அதே வேலையைக் கொடுத்தேன். அவரும் நண்டு எடுத்தவர். விரல்கள் இன்னும் நிதானமானவை. முதல் நாள், கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இது கையில பட்டால் ஒண்டும் செய்யாதோ, சேர்?"