சட்டையைக் கழற்றாத நைனா

கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எண்ணூர் பஸ் நகராமல் நின்றது. எனக்கு முன் சீட்டில், இறால் கம்பெனி வேலை முடிந்து வீடு திரும்பும் இரண்டு பெண்கள்.

"கேமரா வெச்சதுலேர்ந்து எங்க நைனா சட்டையே கழட்றதில்லக்கா," என்றாள் இளையவள். "இந்த வேக்காட்டுல முதுகு பூரா வேர்க்குரு."

"இன்னா கேமரா?"

"துபாய்லேர்ந்து அண்ணன் வந்தப்ப கம்ப்யூட்டரும் கேமராவும் வெச்சிட்டு போச்சு. அங்கேர்ந்தே வூட்ட பாக்குது. அண்ணியும் பாக்குமாம். அதான் நைனாவுக்கு கூச்சம்."

"புடுங்கிப் போட வேண்டிதுதான?"

"எப்டிக்கா? போன மாசம் நான் வேலைல கீறப்ப நைனா கட்டில்லேர்ந்து வுழுந்துட்டாரு. அண்ணன்தான் பாத்துட்டு பக்கத்து வூட்டுக்கு போன் பண்ணிச்சு."

"சரி, நீ வூட்ல கீறப்பவாவது ஒரு துணியப் போட்டு மூடு."

"நேத்து மூடப் போனேன். கையப் புடிச்சிகினாரு. 'மூடாதம்மா, புள்ள இப்பத்தான் என்னியப் பாக்குறான்'னாரு."

பஸ் கொஞ்சம் நகர்ந்து மறுபடி நின்றது.

"குளிப்பாட்டி, சோறு ஊட்டி, டெய்லி பாத்துகினு கீறது நான்க்கா," என்றாள் இளையவள். "அது அவரு கண்ணுக்குத் தெர்லியே."