ஐநூறாவது யூனிட்

வீட்டை வாடகைக்கு விடப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான் சார். கரண்டையும் சேர்த்து வாடகை பேசாதீர்கள். எனக்கு அது தெரியவில்லை. மாடி கட்டி முடித்த சந்தோஷத்தில் கால் தரையில் பாவாமல் திரிந்தேன். செருப்புக்கடையில் இருபது வருடம் அடுத்தவர் காலைப் பிடித்தவன் ஹவுஸ் ஓனர் ஆகிவிட்டேனே. தெருவில் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டேதான் நடப்பேன்.

முதலில் வந்தவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டைப்பிஸ்ட் அக்கா. தனிக்கட்டை. அட்வான்ஸில் பேரமே பேசவில்லை.

"கரண்டுக்குத் தனியா எவ்ளோ தம்பி?"

"அட, அதெல்லாம் எதுக்குக்கா, வாடகையிலயே அடங்கிடும்" என்று தாராளமாக அள்ளி விட்டேன்.

மறுநாள் அவர் சாமான்களோடு ஒரு மெஷினும் மாடியேறியது. அக்காவுக்கு நுரையீரல் பழுது. அந்த மெஷின்தான் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து மூக்குக் குழாய்க்கு அனுப்பும். ராப்பகலாக ஓடும்.

முதல் பில்லைப் பார்த்துவிட்டு என் மனைவியின் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "மாப்ளே, நீ வீட்டை வாடகைக்கு விட்டியா, இல்ல அந்தம்மாவைத் தத்தெடுத்தியா?" மாடிவரை கேட்டிருக்க வேண்டும். "நான் வேணா கூடப் போட்டுத் தர்றேன் தம்பி" என்றார் அக்கா. நான் வாங்கவில்லை. பேசிய பேச்சை மாற்றுகிறவன் இல்லை நான்.

பில்லை வேறு வழியில் குறைக்க இறங்கினேன். பல்புகளை மாற்றினேன், அயர்ன் பாக்ஸை ஒளித்து வைத்தேன். அது ஒரு போதை சார், ஒவ்வொரு யூனிட்டுக்கும் மனசு துள்ளும். அப்போதுதான் மாடிக்குத் தனி ஃப்யூஸ் இருப்பது கண்ணில் பட்டது. ஒரு மத்தியானம் பிடுங்கிப் பார்த்தேன். மெஷின் கீச் கீச்சென்று கத்தியது. அக்கா ஆக்சிஜன் சிலிண்டருக்கு மாறிக்கொண்டார். கரண்ட் போனால் இருக்கட்டும் என்று அவர் காசில் வாங்கி வைத்திருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் செலவை அலுங்காமல் அவர் தலையில் மாற்றிவிட்டேன் பாருங்கள். அன்றிலிருந்து தினமும் ஒரு மணி நேரம் பிடுங்கினேன். வாயில் விசில் தானாக வந்தது.

ரீடிங் எடுக்கும் நாள் வந்தது. கணக்குப் பார்த்தால் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது யூனிட். ஐநூறைத் தொட்டால் மொத்தத்துக்கும் ரேட் ஏறிவிடும். ரீடிங்காரர் எதிர்வரிசையில் வந்துவிட்டார். என் வீட்டில் ஃபேன்கூட ஓடவில்லை. மேலே மெஷின் மட்டும் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

காலையிலேயே அக்கா சொல்லியிருந்தார். "சிலிண்டர் தீந்துடுச்சு தம்பி, நாளைக்குத்தான் வருமாம். இன்னைக்கு ஒருநாள் கரண்ட் போகாம இருந்தா போதும்."

ஞாபகம் இருந்தது. மறந்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். பத்து நிமிஷம்தானே என்று பிடுங்கினேன். அந்த ரீடிங்காரர் ஒவ்வொரு வாசலிலும் நின்று ஊர்க்கதை பேசுகிறவர் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"தம்பி, கரண்ட் எப்போ வரும்?" என்று மேலிருந்து குரல் வந்தது.

"தெரு முழுக்கப் போயிடுச்சுக்கா, இப்போ வந்துரும்" என்றேன்.

ரீடிங்காரர் வர முக்கால் மணி நேரம் ஆனது. நானூற்றுத் தொண்ணூற்றொன்பது என்று எழுதினார். சார், எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன், எதற்கென்று அவருக்குப் புரியவில்லை. ஓடிப்போய் ஃப்யூஸைப் போட்டேன். மெஷின் உடனே ஓட ஆரம்பித்தது, அதில் ஒரு பழுதும் இல்லை. அக்காதான் கதவருகில் விழுந்து கிடந்தார்.

நடுவில் அவர் கூப்பிட்டது கேட்டதா என்று கேட்கிறீர்கள். கேட்டது சார். நாலைந்து தரம் கூப்பிட்டார், கதவையும் தட்டினார். இவ்வளவு சத்தமாகக் கூப்பிடுகிறவருக்கு மூச்சுக்கு என்ன குறைச்சல் என்றுதான் நான் நிம்மதியாக இருந்தேன்.