தருமன் ஓடும்போது திக்கியது

பௌர்ணமியன்று செங்கம் சாலையில் கடை திறப்பது வீண் வேலை, ஐயா. தெரு கொள்ளாமல் ஜனம் போகும். ஆனால் வெறுங்காலோடு மலையைச் சுற்றுகிறவர்கள் யாரும் கல்யாண கேசட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவதில்லை. அது தெரிந்தும் திறந்து வைத்திருந்தேன். வீட்டில் இருந்தால் மட்டும் எனக்கு யார் இலை போடப் போகிறார்கள்? அன்றைக்குத்தான் வேதா வந்தார்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். புகழேந்தி என்று பெயர் வைத்தார்கள். ஏந்துவதற்கு இதுவரை ஒன்றும் வந்து சேரவில்லை. நாற்பதை நெருங்குகிறேன். ஊரில் பாதிக் கல்யாணத்துக்கு வீடியோ மிக்சிங் என்னுடையதுதான். மாப்பிள்ளை பெண்ணைத் தாமரைக்குள் உட்கார வைப்பேன், இதயத்துக்குள் சுழல விடுவேன். என்னைத்தான் எதற்குள்ளும் வைக்க முடியவில்லை. பெண் பார்க்கப் போன வீடுகளில் எல்லாம் என் தலையில் முடி கம்மி என்பதை மிகவும் மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள்.

வேதா வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் டைப்பிஸ்ட். கணவர் தருமன் முந்தின வருஷம் லாரி மோதி இறந்துபோனார். கல்யாணத்தில் வீடியோ எடுக்கவில்லை, போட்டோ மட்டும்தான். ஆள் நடமாடிப் பேசுகிற படம் என்று இருந்தது ஒன்றே ஒன்று. தருமனின் தம்பி ராமன் சிங்கப்பூரிலிருந்து கொண்டு வந்த சின்ன கேமராவில் வேதாவே எடுத்தது. நான்கு நிமிஷம் இருக்கும். மனை பிரித்துப் போட்ட காலி ரோட்டில் அவர்கள் மகள் சினேகா சைக்கிள் பழகுகிறாள். தருமன் சீட்டைப் பிடித்தபடி பின்னால் ஓடுகிறார். "நான் புடிச்சிருக்கேன், நீ ஓட்டு" என்று கத்திக்கொண்டே கையை விட்டுவிடுகிறார். விட்ட பிறகும் அதையே சொல்லிக்கொண்டு ஓடுகிறார். படம் எடுக்கிற வேதாவின் சிரிப்பு கேட்கிறது.

"இத டிவில போட்டுப் பாக்கற மாதிரி டிவிடியா மாத்திக் குடுங்கண்ணா. கேமராவ ராமன் எடுத்துக்கிட்டுப் போறாரு, கார்டையும் அழிச்சுட்டுத் தரணும். நீங்களே கம்ப்யூட்டர்ல பத்திரமா வெச்சுக்குங்க."

பத்திரமா என்றார். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மறு சனிக்கிழமை டிவிடியைத் திருப்பிக் கொண்டு வந்தார். "கொழந்த நல்லாத்தான் ஓட்டுது. இவரு ஓடும்போது மட்டும் திக்குதுங்கண்ணா. நொண்டற மாதிரி இருக்குது."

அந்தத் தப்பு நான் வேண்டுமென்று செய்ததில்லை. அந்த கேமரா ஒரு நொடிக்கு முப்பது படம் பிடிக்கிறது. நம் நாட்டு டிவிடிக்கு நொடிக்கு இருபத்தைந்து. மிச்சம் ஐந்தை என் சாஃப்ட்வேர் கண்ணை மூடிக்கொண்டு தூக்கிப் போட்டுவிடுகிறது. மெதுவாக நகர்கிறவர்களுக்குத் தெரியாது, ஓடுகிறவன் திக்குவான். கண்டுபிடிக்க எனக்கு ஒரு மத்தியானம் பிடித்தது. மாற்ற வேண்டியது ஒரே ஓர் இடத்தில்தான். முப்பதை முப்பதாகவே பதியச் சொன்னால் போதும், வீட்டு பிளேயர்கள் அதையும் பாடும். பதிந்து போட்டுப் பார்த்தேன். தருமன் தண்ணீர் மாதிரி ஓடினார். எனக்கே கை தட்டத் தோன்றியது.

ஆனால் வேதாவுக்குப் பழையபடியே திக்குகிற ஒன்றைப் பதிந்து கொடுத்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். என் கடைக்கு வருகிறவர்கள் வாசலில் நின்றே பேசிவிட்டுப் போவார்கள். இவர் உட்கார்ந்தார். ஆபீசில் மின்விசிறி ஓடாததைச் சொன்னார், சினேகா கணக்கில் முட்டை வாங்கியதைச் சொன்னார், நான் வாங்கித் தந்த டீயை முழுசாகக் குடித்தார். வேலை சரியாகிவிட்டால் அவர் எதற்கு வரப்போகிறார்? டாக்டர்கள்கூட ஒரே ஊசியில் குணமாக்குவதில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமைதோறும் வந்தார். நானும் சளைக்கவில்லை. ஒரு வாரம் சத்தம் முந்தியது, ஒரு வாரம் படம் ஓரத்தில் கிழிந்தது. "பிளேயர்ல கோளாறுங்க", "லென்ஸ் அழுக்கா இருக்கும்", "டிஸ்க் மட்டம்" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். இவ்வளவு உழைப்பைத் தொழிலில் போட்டிருந்தால் இந்நேரம் வேலூரில் கிளை திறந்திருப்பேன். கோளாறான டிவிடியை ஒவ்வொரு தடவையும் மறக்காமல் திரும்ப வாங்கிக்கொள்வேன். ஒன்றோடொன்று கலந்துவிடும் என்று சொல்வேன். அவர் போனதும் உடைத்துவிடுவேன்.

சிக்கல் என்னவென்றால், வந்து உட்கார்ந்தவர் என்னைப் பார்க்கவில்லை. மானிட்டரையே பார்த்தார். திக்கினாலும் நொண்டினாலும் தருமனையே பார்த்தார். பேச்சு சுற்றி வந்து அவரிடமே நிற்கும். செத்துப்போன ஒருத்தனோடு, அதுவும் நானே நொண்டியாக்கிய ஒருத்தனோடு, ஓட்டப் பந்தயம் வைத்துத் தோற்றுக்கொண்டிருந்தேன். ஊரில் வேறு யாருக்கும் இப்படி ஒரு திறமை இருக்காது.

ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "எத்தன நாளைக்குத்தான் தனியா இருப்பீங்க? நல்லது கெட்டதுக்கு ஒரு ஆள் வேணாமா?"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் ஒரு ஆளாகத் தெரிந்திருக்கிறேன் என்றாவது அர்த்தம். "எனக்கு எதுக்குண்ணா அதெல்லாம்? இவரு ஓடறத ஒரு தடவ திக்காம பாத்துட்டா போதும். சினேகாவுக்கு அவங்க அப்பா கொரலு மறந்துக்கிட்டே வருது. அதுக்குள்ள சரி பண்ணிக் குடுங்க" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்குத் தெளிவு வந்தது. அந்தம்மாவைப் பிடித்து வைத்திருப்பது அந்த நான்கு நிமிஷம். அதிலிருந்து அவரை விடுவிக்க வேண்டும். நல்லெண்ணம்தான், ஐயா.

கல்யாண வீடியோவில் சண்டை போட்டுக்கொண்ட சித்தப்பாவை வெட்டச் சொல்வார்கள், தாலி கட்டும்போது தும்மியவரை எடுக்கச் சொல்வார்கள். எனக்கு அது புதிதில்லை. முதலில் தருமனின் குரலை எடுத்தேன். அந்த இடத்தில் நாதஸ்வரம் போட்டேன். வேதாவின் சிரிப்பும் அதோடு போய்விட்டது. அதற்கு மட்டும் கொஞ்சம் வருத்தப்பட்டேன். பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, தருமன் முகத்தைச் சட்டத்துக்கு வெளியே தள்ளினேன். சீட்டைப் பிடித்த கை மட்டும் மிஞ்சியது. அந்த இடங்களை ஒவ்வொன்றாக வெட்டினேன். நொடிக்கு ஐந்து படத்தைத் தூக்கிப் போட்டால் ஆள் திக்குவான். எல்லாவற்றையும் தூக்கிப் போட்டால் ஆளே இருக்க மாட்டான். கடைசியில் சினேகா தனியாக சைக்கிள் ஓட்டினாள். நாற்பது நொடி. ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. என் தொழிலில் அதைவிடச் சுத்தமான வேலை நான் செய்ததில்லை.

பிறகு தருமன் திக்காமல் ஓடிய அந்த டிவிடியையும், வேதா கடைசியாகத் திருப்பித் தந்ததையும் உடைத்துவிட்டு, மூலப் படத்தை அழித்தேன். அழித்ததை மீட்டுத் தர ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரியும். அதனால் அந்த ஹார்டு டிஸ்க் நிறைய மூன்று முகூர்த்தத்துக் கல்யாணங்களை ஏற்றி, அழித்து, மறுபடி ஏற்றினேன்.

போன சனிக்கிழமை வேதா மகளையும் கூட்டி வந்திருந்தார். "ரெடியாயிடுச்சுங்க. ஜெர்க்கே இல்ல" என்று போட்டுக் காட்டினேன். நாதஸ்வரம் வாசித்தது. சினேகா ஓட்டினாள். முடிந்தது.

"அப்பா எங்கம்மா?" என்று குழந்தை கேட்டது.

வேதா மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பழசப் போடுங்கண்ணா."

"பழசு இல்லைங்க. அவரு ஓடறதாலதான் திக்கிச்சு. அத எடுத்துட்டேன்."

"இதுல எடுத்துட்டீங்க. முழுசு இருக்குதுல்ல?"

"எதுலயும் இல்லைங்க."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியில் அப்படியே இருந்தார். குழந்தைதான் விடவில்லை. "அப்பா கத்துவாரே, அது என்னாம்மா? எப்டிச் சொல்வாரு?" என்று முந்தானையைப் பிடித்து இழுத்தது. வேதா வாயைத் திறந்தார். "நான் புடிச்சி" என்று ஆரம்பித்தார். தருமன் மாதிரியே கட்டைக் குரலில் சொல்லப் பார்த்தார். வரவில்லை. இன்னொரு தடவை முயன்றார். அதுவும் வரவில்லை. குழந்தை, "இப்டி இல்லம்மா" என்றது. பிறகு அதற்கும் சந்தேகம் வந்துவிட்டது போல.

அப்போதுதான் வேதா என்னைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வாரத்தில் முதல் தடவையாக நேராக, என் முகத்தை. ரொம்ப நேரம் பார்த்தார். அண்ணா என்று கூப்பிடவில்லை. அதைக் கவனித்தேன்.

அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார். எதுவும் திருடு போகவில்லை, யாருக்கும் அடி படவில்லை, இதை எந்தப் பிரிவில் போடுவது என்று நீங்கள் குழம்புவது தெரிகிறது. எதில் வேண்டுமானாலும் போடுங்கள். தெரிந்தே செய்தேன், யார் தூண்டுதலும் இல்லை, சரி செய்யத் தெரிந்தும் கெடுத்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கேஸ் நடந்தால் வாய்தாவுக்கு வாய்தா அவங்களும் கோர்ட்டுக்கு வந்தாகணும், இல்லைங்களா? சனிக்கிழமை வேண்டாம், ஐயா, அன்றைக்குக் கோர்ட் இருக்காது. மற்றபடி எந்தக் கிழமை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், நல்ல சட்டையாக ஒன்று தைத்துக்கொள்வேன்.